மருந்து பலிக்குமா? முன்கூட்டிச் சொல்லும் சோதனை



1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டிலும் நுழைந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் முதல் நாள் அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. இம்மருந்து கிருமியை அடியோடு அழிப்பதில்லை. பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது.

சிலருக்கு மருந்து பலிக்காமற் போவது ஏன்? இக்கிருமி தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்த அதற்கு வழியில்லை. மாத்திரை அடிக்கடி தவறினால், மருந்துக்குத் தப்பும் பிழையுள்ள கிருமியே பெருகுகிறது. 184-ஆம் இடத்தில் நேரும் ஒரே மாற்றம் லாமிவுடின் மருந்தின் வலிமையைக் குறைத்துவிடும். 103-ஆம் இடத்து மாற்றம் நெவிரபின் மருந்தைப் பயனற்றதாக்கும். ஆகவேதான் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள்.

எதிர்ப்புச் சோதனையில் இரத்தத்திலுள்ள கிருமியின் மரபு எழுத்துக்களைப் படித்து, தெரிந்த மாற்றங்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்பதை இவ்வாறு முன்னரே கணிக்கலாம். எனினும் மருந்தை நிறுத்திவிட்டால் மாறிய கிருமி குறைந்து, சோதனைக்குத் தென்படாமல் ஒளிந்துகொள்ளும். எனவே நோயாளி இதுவரை உண்ட மருந்துகளின் வரலாற்றையும் மருத்துவர் கேட்டறிவார்.

சில வேளைகளில் கிருமியின் எண்ணிக்கை மிகுந்திருக்கும். சோதனையிலோ எதிர்ப்பு ஏதும் தெரியாது. அப்படியானால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை என்றே பெரும்பாலும் பொருள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு மாறி மாறி உழைத்து, ஒரே அறையில் பலரோடு தங்கும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பிறர் கண்ணில் பட்டால் வேலையும் போகும், அறையும் போகும் என்ற அச்சத்தில் அவர் மாத்திரையை ஒளித்துவைக்கிறார். நாளடைவில் தவறவும் விடுகிறார். அங்கே தோற்றது மருந்தன்று, நம் இரக்கமே.

உடன் அமர்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ இந்நோய் தொற்றாது. மருந்தைத் தவறாது உண்டு கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகவும் அது பரவுவதில்லை. இவ்வுண்மையை நம் இல்லங்களில் எடுத்துச் சொல்வோம். அஞ்சாமல் மாத்திரை உண்ண ஒருவருக்கு இடமளிப்பதும் மருத்துவமே அன்றோ?