வீட்டுக் கொல்லைத் தோட்டம்

வீட்டுக் கொல்லைத் தோட்டம் என்பது குடும்பத்திற்குத் தேவையான கீரை, காய்கறி, பழம், மூலிகை ஆகியவற்றை வீட்டின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ கிடைக்கும் சிறு நிலத்தில் குறைந்த செலவில் விளைவிக்கும் முறையாகும். கொல்லை, புழக்கடை, புறக்கடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வீட்டின் பின்பக்கத்தையே 'தோட்டத்துப் பக்கம்' என்று சொல்வது வழக்கம். இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டு போன்ற ஊர்களின் மண்ணையும் மழையையும் கருத்தில் கொண்டு, எவரும் தாமே செய்யக்கூடிய எளிய முறைகளை விளக்குகிறது.

தேவை

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 விழுக்காடு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒருவர் நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டிற்கு இது 1.6 கிலோ ஆகும். சிறு கொல்லை இவ்வளவையும் தந்துவிடாது. ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் கீரையும், அன்றாடக் கறிவேப்பிலையும், பருவத்திற்கு ஏற்ற காயும் கிடைத்தால், விலை ஏறும் நாட்களிலும் குழந்தைகளின் தட்டில் காய்கறி குறையாது.

அரசுத் திட்டங்கள்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013இல் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் மாடித் தோட்டப் பொருட்களை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. டிசம்பர் 2021இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தளை 225 ரூபாய்க்கும், 60 ரூபாய் மதிப்புள்ள 12 வகைக் காய்கறி விதைத் தளை 15 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. மாடித் தோட்டத் தளையில் செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் ஆகியவை இருந்தன. திட்டங்களும் விலையும் ஆண்டுதோறும் மாறக்கூடும். எனவே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு அறிவது நல்லது.

கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குதல்

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கொல்லைத் தோட்டத்திற்கும் கடையில் வாங்கும் பொருள் அதிகம் தேவையில்லை.

மண்: பாறையும் சரளையும் உள்ள இடங்களில் மேல்மண் ஆழம் குறைவு. அங்கே குழி தோண்டுவதைவிட, ஓரங்களில் கல் அடுக்கி ஓர் அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைப்பது எளிது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம்.

உரம்: மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் இரண்டு குழிகள் வேண்டும். முதல் குழியில் காய்ந்த சருகு, சமையலறைக் கழிவு, சாணக் கரைசல், சிறிது மண் என்று அடுக்கடுக்காக இட்டு நிரப்பி மூடவேண்டும். அது மக்கும் மூன்று மாதங்களில் இரண்டாவது குழி நிரம்பும். எண்ணெய்ப் பண்டங்களையும் இறைச்சிக் கழிவையும் சேர்க்கக்கூடாது, எலி வரும்.

மூடாக்கு: இப்பகுதியில் கரும்புச் சோகையும் மல்லாட்டைத் தோலும் எளிதில் கிடைக்கும். இவற்றைச் செடியின் அடியில் இரண்டு அங்குலம் பரப்பினால் வெயிலில் ஈரம் காயாது, களையும் குறையும். சோகையைக் கொளுத்துவதைவிட இது மேல்.

ஊட்டக் கரைசல்: 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம்.

தண்ணீர்

பாத்திரம் கழுவும் நீர் போகும் வழியில் இரண்டு வாழைக் கன்றுகளை நடுவது பழைய வழக்கம். வாழை அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், சேறும் தேங்காது. சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடக்கூடாது. அரிசி, பருப்பு, காய் கழுவிய நீரைத் தனிக் குடத்தில் சேர்த்துக் கீரைக்கு ஊற்றலாம்.

கோடையில் பானைப் பாசனம் உதவும். பழைய மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, செடிக்கு அருகில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்ப வேண்டும். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு முட்டையிடும்.

என்ன பயிரிடலாம்

கீரை: மூன்றடிக்கு ஆறடி அளவில் நான்கு பாத்திகள் போதும். வாரம் ஒரு பாத்தியாகச் சிறுகீரை விதைத்தால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் முதல் பாத்தி பறிப்புக்கு வரும். பிறகு வாரந்தோறும் ஒரு பாத்தி கிடைக்கும். விதை பொடியாக இருப்பதால் மணல் கலந்து தூவவேண்டும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி வந்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும்.

பந்தல் காய்கள்: ஆடிப்பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு விதைக்கலாம். சவுக்குக் கழி நான்கு நட்டுக் கயிறு பின்னினால் பந்தல் தயார்.

கத்தரி, முருங்கை: கடலூர் மாவட்டம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் கத்தரி இரகங்கள் இம்மண்ணுக்குப் பழகியவை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

புயலும் பெருமழையும்

இப்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை பெய்யும். பெஞ்சல் புயலின்போது, 1 டிசம்பர் 2024 காலை வரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய மழையில் தட்டையான பாத்திகள் மூழ்கிப்போகும்; வேரில் நீர் தேங்கினால் முருங்கையும் பப்பாளியும் அழுகிவிடும். புரட்டாசிக்குள் வடிகால் வாய்க்காலைத் தூர்வாரி, முருங்கையின் உயரக் கிளைகளைக் கழித்து, பப்பாளிக்கு முட்டுக் கொடுப்பது அவசியம். விதைகளில் பாதியை விதைக்காமல் வைத்திருந்தால், மழை விட்டபின் தைப்பட்டத்தில் மீண்டும் தொடங்கலாம்.

பூச்சிகள்

ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அசுவினி, வெள்ளை ஈ கட்டுப்படும். எல்லாவற்றுக்கும் நஞ்சு தெளிப்பது பயன் தராது. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு வகைச் சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதைக் கட்டுப்படுத்தியது. கொல்லையிலுள்ள சிலந்தி, பொறிவண்டு, குளவிகளையும் விட்டுவைக்க வேண்டும்.

விதை சேமிப்பு

நாட்டு இரகங்களில் நோயற்ற செடியின் நல்ல காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வைக்கலாம். வீரிய ஒட்டு இரகங்களின் விதை அடுத்த முறை அதே குணத்துடன் வராது. மிகுந்த விதையை அண்டை வீட்டாருடன் மாற்றிக்கொண்டால், ஒரு வீட்டில் புயலில் அழிந்த இரகம் மற்றொரு வீட்டிலிருந்து திரும்பக் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

செடித் தட்டு, உடைந்த சட்டி, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு பெருகும். வாரம் ஒருமுறை கவிழ்த்து உலரவிட வேண்டும். மூடாக்கையும் உரக்குழியையும் சுவரிலிருந்து தள்ளி அமைத்தால் தேள், பூரான் வீட்டிற்குள் வராது.