வட்டு புதுசு, எழுத்து பழசு

தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சில நிமிட நடையில் சிம் லிம் ஸ்குவேர். கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்ட சிங்கப்பூரர்கள் ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்தை மாடி மாடியாக மனப்பாடம் செய்திருந்தார்கள். இப்போது பாதிப் பேர் இணையத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பையில் பத்து, பதினைந்து வருடத்து ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்றும் இந்தக் கடைகள்தான் கதி. உள்ளே இருப்பதை அப்படியே புதிய வட்டுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

மாற்றலாம். பெரும்பாலும் கடைக்காரர்கூட வேண்டாம். ஒரு கேபிளும் பொறுமையும் போதும். வட்டு எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் அகலமான பட்டைக் கேபிள் செருகும்படி இரண்டு வரிசை ஊசிகள் இருந்தால் அது ஐடிஇ வகை. தட்டையான மெல்லிய செருகி என்றால் சாட்டா. இரண்டையும் யுஎஸ்பியோடு இணைக்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. மேசைக் கணினியின் பெரிய வட்டுக்குத் தனி மின்சாரம் வேண்டும், அதற்கான பிளக்கோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

நேரக் கணக்கையும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பழைய யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30, 35 மெகாபைட் போனால் பெரிது. 500 ஜிகாபைட்டுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீல நிற யுஎஸ்பி 3.0 துளை இருந்தால், வட்டும் ஒத்துழைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் முடியலாம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒரே பெரிய கல்யாண வீடியோ விரைவாகப் போய்விடும். அதே அளவு கொண்ட பத்தாயிரம் துண்டுக் கோப்புகள் ஊர்ந்துதான் போகும். அந்தக் கல்யாண வீடியோவிலும் ஒரு பொறி உண்டு. புதிய வட்டு ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது வாங்கிக்கொள்ளாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துகிறவர்கள் எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

வட்டு 'டக், டக்' என்று சத்தம் போட்டால் இதெல்லாம் பொருந்தாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பவர்கள்தான் மிச்சமிருப்பதையும் இழக்கிறார்கள். சத்தமில்லாமல், இடையிடையே மட்டும் படிக்க மறுக்கிற வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கெட்டுப்போன இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்டதைக் கடைசியில் முயலும்.

பழைய வட்டைக் கையில் எடுக்கும்போது அதன் ஒட்டுச்சீட்டையும் படித்துப் பாருங்கள். மிகப் பழையது என்றால் சிங்கப்பூரில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருக்க வாய்ப்புண்டு. சீகேட் நிறுவனம் இங்கே கால் வைத்தது 1982ல். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் உலகத்தில் தயாரான ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறக்குறைய பாதி இந்தத் தீவிலிருந்து போனது. அடுக்குமாடி வீடுகளிலிருந்து முழுநீள வெள்ளை உடைக்குள் புகுந்து, தூசி இல்லாத அறைகளில் ஷிஃப்டு பார்த்த ஆயிரக்கணக்கான பெண்களின் கைவேலை அது. பிறகு கூலி குறைந்த நாடுகளுக்கு உற்பத்தி நகர்ந்தது. அங் மோ கியோ தொழிற்சாலையை மூடப்போவதாக சீகேட் 2009ல் அறிவித்தது. வட்டுத் தகடுகள் செய்யும் வேலை மட்டும் உட்லண்ட்சில் தங்கியது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. நகலெடுத்து முடிந்தது, ஒரு பிழைச் செய்தியும் இல்லை, கோப்பின் அளவுகூடச் சரியாக இருக்கிறது. திறந்தால் தமிழ் இல்லை. கேள்விக்குறியும் கட்டமும் ஐரோப்பிய எழுத்துகளும் வரிசை வரிசையாக நிற்கின்றன. வட்டு பழுது என்று நினைத்து மறுபடி நகலெடுப்பவர்கள் உண்டு. வட்டின் மேல் குற்றமில்லை. அது கொடுத்ததைக் கொடுத்தபடியே தந்திருக்கிறது.

காரணம் 1990களில் இருக்கிறது, அதில் நல்ல பங்கு இந்த ஊரில். 1995 அக்டோபரில், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதில் நான்கு மொழிக் கவிதைகளும் இருந்தன. தமிழ் வலையேறிய முதல் இடங்களில் அது ஒன்று. தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழைக் கணினியில் எழுத அவர் உருவாக்கியது கணியன். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் அதற்கும் முன்பே புழக்கத்தில் இருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் அச்சகங்களிலும் பாமினி.

ஒவ்வொன்றிலும் 'அ' ஒவ்வோர் எண்ணில் உட்கார்ந்திருந்தது. அன்றைய ஒரு பைட்டில் மொத்தம் 256 இடம், அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. மிச்சத்துக்குள் தமிழை எப்படி அடுக்குவது என்று ஆளுக்கொரு தீர்வு கண்டார்கள். பாமினி ஒரு படி மேலே போய் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வரைந்துவிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட்97 மாநாடு கூடியது. இரண்டு வருடம் கழித்துச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டேம், டேப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. மின்னஞ்சல் குழுக்களில் கூடியவர்கள் திஸ்கி என்ற இன்னொரு தரத்தை உருவாக்கினார்கள். 2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூர் மாநாடு. தமிழ்க் கணிமைக்கான உலக அமைப்பான உத்தமம் பிறந்தது அப்போதுதான். அதைப் பார்க்க நா. கோவிந்தசாமி இல்லை, முந்தைய ஆண்டு மே மாதமே காலமாகிவிட்டார். கடைசியில் வென்றது எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு. 1991லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்திருந்தாலும் விண்டோஸ் 2000க்குப் பிறகுதான் சாதாரண வீட்டுக் கணினிக்கு அது வந்து சேர்ந்தது. ஆக, 1990க்கும் 2005க்கும் நடுவில் கணினியில் எழுதியவர்களின் வட்டில் ஒன்றல்ல, மூன்று நான்கு விதத் தமிழ் இருக்கும். தரம் மாறியபோதெல்லாம் அவர்களும் மாறியிருப்பார்கள். மாறிய பின் பழைய கோப்பை மாற்றி வைத்தவர்கள் குறைவு.

எது எந்த விதம் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. வேர்டு கோப்பாக இருந்தால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே பெட்டியில் தெரியும். பெயர் டி-எஸ்-சி என்று தொடங்கினால் திஸ்கி, டி-ஏ-எம் என்றால் டேம், டி-ஏ-பி என்றால் டேப். அதன்பின் என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகளில் ஒன்றைப் பிடிக்கலாம். எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் வேலை தீராது. திஸ்கியில் 'கொ' என்பது தாளில் எழுதுகிற மாதிரி கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக வரிசையில் இருக்கும். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. மாற்றும் மென்பொருள் வரிசையையும் கலைத்து அடுக்க வேண்டும், அடுக்கியும் விடுகிறது. பாமினிக் கோப்பில்தான் வம்பு. நடுவே அங் மோ கியோ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மென்று துப்பிவிடும். யாராவது உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

பேஜ்மேக்கர் கோப்புகளை எதிர்கொள்ளத் தனி மனவுறுதி தேவை. தமிழ்ப் புத்தகங்களும் சங்க மலர்களும் பல்லாண்டு அதில்தான் வடிவமைக்கப்பட்டன. மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001ல் வந்த 7. அதன் வாரிசான இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது, அதற்குப் பிந்தியவை திறக்காது. பழைய கணினி எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடும் முன் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

புத்தகமாக வந்தவை பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டான 2015ல், அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து இங்கு வெளியான தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினார்கள். நாடகம், இசை, நடனம் என்று அது தொடர்ந்தது. தாளில் அச்சானதால் அவை தப்பின. அச்சேறாத வானொலி நாடகப் பிரதி, போட்டிக்கு அனுப்பிப் பரிசு வராத சிறுகதை, சங்கக் கூட்டக் குறிப்பு, நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதம் ஆகியவற்றுக்குத் தாள் இல்லை. படங்களை எல்லோரும் முதலில் நகலெடுக்கிறார்கள், அவற்றில் பல ஏற்கெனவே உறவினர் நாலு பேரிடம் இருக்கும். 'கதை1' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட கோப்பு வேறு யாரிடமும் இருக்காது.

இத்தனைக்கும் அது அடைக்கும் இடம் அற்பம். ஐம்பதாயிரம் சொல் கொண்ட நாவல் யூனிகோடு எழுத்துகளாக ஒன்றரை மெகாபைட் வரலாம். கைபேசியில் எடுத்த ஒரு படமே அதைவிடப் பெரிது. எனவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: எழுத்துக் கோப்புகள் முதலில், அவற்றோடு பழைய எழுத்துருக் கோப்புகளும். வீடியோ இரவெல்லாம் ஓடட்டும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், நாளைக்கு இன்னும் நல்ல மாற்றி வரலாம். கோப்பை நகலெடுக்கும்போது விண்டோஸ் 'உருவாக்கிய தேதி'யை இன்றைய தேதியாக்கிவிடும். 'மாற்றிய தேதி'தான் பழையபடி இருக்கும். எந்த வருடத்துக் கதை என்று தேடுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

பழைய வட்டை என்ன செய்வது? முன்பென்றால் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் யாராவது இரண்டு வெள்ளிக்கு வாங்கிக்கொள்வார்கள். 2017 ஜூலையில் அதுவும் மூடிவிட்டது. கொடுப்பதானாலும் குப்பையில் சேர்ப்பதானாலும், அழித்துவிட்டுக் கொடுங்கள். 'டெலிட்' அழுத்தினால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். சுழலும் வட்டின் மேல் முழுவதும் ஒருமுறை வெற்றுத் தரவை எழுதினால் போதும், ஏழு முறை எழுதச் சொல்வது பழைய பயம். அதற்கும் நகலெடுத்த அதே நேரம் ஆகும். இன்னோர் இரவை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.