மீனை ஏமாற்ற ஒரு ரப்பர் புழு!
வீட்டிலேயே செய்யலாம் - ஆனால் சமையல்கட்டில் வேண்டாம்

"தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண்" என்பது பழமொழி. இன்று பல தூண்டில்களில் தக்கையும் இல்லை, மண்புழுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேளிக் காயல் பக்கம் போய்ப் பாருங்கள். அல்லது நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் பொழிக்குப் போய்ப் பாருங்கள். (ஆற்று முகத்துவாரத்தை இங்கே பொழி என்கிறார்கள்.) கையில் தூண்டில் கம்பு. நைலான் நரம்பின் நுனியில் வாலை ஆட்டும் ஒரு ரப்பர் புழு. வீசுகிறார்கள், மெல்லச் சுருட்டுகிறார்கள், மறுபடியும் வீசுகிறார்கள். உயிருள்ள இரை என்று நம்பி மீன் கவ்வுகிறது.

பெயர்தான் ரப்பர். உண்மையில் அது மிருதுவான பிளாஸ்டிக். கடையில் வாங்கினால், பாறை இடுக்கில் ஒரு தடவை சிக்கினாலே போயிற்று. மாதச் சம்பளக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா? "நாமே செய்துகொண்டால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரே அறையும் ஒரு சமையல்கட்டுமாகக் குடியிருப்பவர், சாம்பார் கொதிக்கிற அடுப்பிலேயே பிளாஸ்டிக்கையும் உருக்கலாம் என்று நினைத்தால் வம்புதான்.

முன்னோடிகள்

மிருதுவான பிளாஸ்டிக் புழுவைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த நிக் கிரீம். ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், 1949-ம் ஆண்டில், தம் வீட்டிலேயே வினைலையும் எண்ணெயையும் சாயத்தையும் கலந்து காய்ச்சி அவர் இதை உருவாக்கினார்.

ஆனால் பொய் இரை காட்டி மீன் பிடிக்கும் வித்தை நம் கடலோரத்துக்குப் புதிதல்ல. விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள மீனவர்கள் தூண்டில் தொழிலில் கைதேர்ந்தவர்கள். பளபளக்கும் நூலிழையை முள்ளில் கட்டி அயிலையை ஏமாற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலை. லட்சத் தீவுகளில் ஒன்றான மினிக்காயில் இன்னொரு விதம். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தை வரவழைக்கிறார்கள். பிறகு இரையே குத்தாத, பளபளக்கும் முள்ளால் தூக்கி எடுக்கிறார்கள். மீன் பார்ப்பது பளபளப்பையும் அசைவையும்தான் என்பதை அந்தத் தீவுக்காரர்கள் எப்போதோ தெரிந்துகொண்டார்கள்.

காய்ச்சும் முறை

தொழிற்சாலைப் புழு, பி.வி.சி. தூளையும் அதை மிருதுவாக்கும் எண்ணெயையும் கலந்த திரவத்திலிருந்து செய்யப்படுகிறது. பார்க்கப் பால் போல இருக்கும். சூடாக்கினால் முதலில் கெட்டியாகும். சுமார் 170 டிகிரி சென்டிகிரேடில் கண்ணாடி போலத் தெளிந்து இளகும். அப்போது சாயமும் மினுக்குத் தூளும் சேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் ரப்பர் போன்ற புழு கிடைக்கும்.

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். இது அதைவிட எவ்வளவு சூடு என்று எண்ணிப் பாருங்கள். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலைப் பொசுக்கிவிடும். ஈரமான அச்சில் ஊற்றினால், ஈரம் சட்டென்று ஆவியாகிக் குழம்பு முகத்தில் தெறிக்கும். சூடு மேலும் ஏறினால் கலவை மஞ்சளாகிக் கருகும். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுப் புகை கிளம்பும். அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

மிருதுவாக்கும் எண்ணெயிலும் சங்கடம் உண்டு. தாலேட் என்ற வகையைச் சேர்ந்த சில எண்ணெய்கள் குழந்தைகளின் உடலுக்கு ஆகாது என்று, 1999-ம் ஆண்டிலேயே ஐரோப்பிய நாடுகள் பொம்மை விஷயத்தில் தடை கொண்டுவந்தன. ஆகவே இந்தக் காய்ச்சும் வேலைக்குக் காற்றோட்டமான வெளியிடம், தனி அடுப்பு, தனிப் பாத்திரம், வெப்பமானி, கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும். இவை இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

அடுப்பில்லாத வழி

அடுப்பே இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசை இரும்புக் கடைகளில் குழாயில் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இறுகும்போது புளித்த காடி வாடை அடிக்கும்.

முதலில் களிமண்ணில் ஒரு புழுவோ இறாலோ பிடித்து வையுங்கள். அதன்மேல் வாஸ்லைன் தடவி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவைக் கரைத்து ஊற்றுங்கள். இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டால் அச்சு தயார். அதை நன்றாக வெயிலில் காயவைத்து, உள்ளே சோப்புக் கரைசல் பூசுங்கள். இல்லாவிட்டால் பசை அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

கையுறை போட்டுக்கொண்டு, சிலிக்கானுடன் கொஞ்சம் சோளமாவும் சாயமும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்துங்கள். சோளமாவு சேர்த்தால் சீக்கிரம் இறுகும். சாயத்துக்கு, ஓவியர்கள் உபயோகிக்கும் எண்ணெய் வர்ணம் சிறிதளவு போதும். தண்ணீரில் கரைக்கும் வர்ணம் இதில் சரியாகக் கலக்காது. முதுகு ஒரு நிறமும் வயிறு ஒரு நிறமும் வேண்டுமென்றால், முதல் நிறம் காய்வதற்குள் இரண்டாவதை வைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு எடுங்கள். வால் மெல்லியதாக இருக்கட்டும். தண்ணீரில் ஆட வேண்டியது அதுதான்.

பிறகு ஈயத்தலை வைத்த முள்ளில் கோர்த்தால் வேலை முடிந்தது. ஈயத்தைப் பல்லால் கடிக்கக் கூடாது. தொட்டபின் கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

நிறம் யாருக்கு?

கடையில் எத்தனை நிறங்கள்! வானவில் தோற்றுவிடும். அவற்றில் பாதி மீனைப் பிடிப்பதற்கு முன்னால் மனிதனைப் பிடிப்பதற்கு.

தண்ணீருக்குள் இறங்க இறங்க வெளிச்சத்தில் முதலில் மறைவது சிவப்பு. தெளிந்த கடலில்கூட சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு மங்கிக் கறுத்துவிடும். நீலம்தான் அதிக ஆழம் போகும். ஆசையாகச் செய்த செக்கச் சிவந்த புழு, அங்கே வெறும் நிழல்!

கணவாய்க்கு நிறப் பார்வையே இல்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. ஆனாலும் அது குறி தப்பாமல் இறாலைப் பிடிக்கிறது. அதற்கு வெளிச்சமும் நிழலும் அசைவும் போதும்.

ஆகவே 3 நிறம் இருந்தால் தாராளம். தெளிந்த நீருக்கு, வெள்ளி மினுக்குத் தூள் கலந்த வெளிர் நிறம். மழைக்குப் பிந்திய கலங்கல் நீருக்கு, பளிச்சென்ற எலுமிச்சைப் பச்சை. மங்கிய மாலை வேளைக்குக் கறுப்பு. வெளிச்சம் குறைந்த நேரத்தில் வானத்தை நோக்கிப் பார்க்கும் மீனுக்குக் கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும்.

எங்கே, எந்த மீன்?

நாம் கொடுவா என்பதை இங்கே காளாஞ்சி என்கிறார்கள். நம் விரால் இங்கே வரால். நம் வஞ்சிரம் இங்கே நெய்மீன். பொழியில் காளாஞ்சி, காயலிலும் குளத்திலும் வரால் என்று இடத்துக்கு ஒரு மீன்.

மழைக்காலத்தில் பொழிகளின் பக்கம் மிகவும் எச்சரிக்கை வேண்டும். முதலப்பொழியில் படகு கவிழ்ந்து, கடலை அறிந்த மீனவர்களே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். வழுக்குப் பாறைமேல் நின்று பொழுதுபோக்க, பிள்ளை குட்டிக்காரருக்கு என்ன அவசரம்?

வலைக்கு இல்லாத ஒரு நன்மை தூண்டிலுக்கு உண்டு. பிடிபட்ட சின்ன மீனை உயிரோடு திரும்ப விடலாம். மத்தி 10 சென்டிமீட்டரும் அயிலை 14 சென்டிமீட்டரும் இல்லாவிட்டால் பிடிக்கக்கூடாது என்று கேரளத்தில் சட்டப்படி அளவு வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர், கடலை நம்பி வாழ்கிறவரின் நாளைய சோற்றில் கைவைக்கலாமா?

கடலில் விடாதீர்கள்

அறுந்த புழுவைத் தண்ணீரில் எறிவதும் அதே தப்புதான். பிளாஸ்டிக்கானாலும் சிலிக்கானானாலும் லேசில் மக்காது. மீன் விழுங்கினால் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்களே கரைக்குக் கொண்டுவரும் "சுசித்வ சாகரம்" திட்டம், 2017-ம் ஆண்டில் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியது. அப்படிச் சேர்ந்த கழிவைத் தூளாக்கிச் சாலை போடவும் உபயோகித்தார்கள். மீனுக்குப் போன மனிதர்கள் குப்பையையும் சுமந்து திரும்புகிறார்கள். நாம் நம்முடைய கிழிந்த புழுவையாவது பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

முதல் புழு கோணலாகத்தான் வரும். கவலை வேண்டாம். மீன் அழகு பார்ப்பதில்லை, அசைவைத்தான் பார்க்கிறது. ஒரு தரம் அது கவ்வி, நரம்பு விண்ணென்று இழுபடும்போது, "நான் செய்த இரை!" என்று ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது கடையில் வாங்கிய புழுவில் வராது. அன்றைக்குக் குழம்பும் தனி ருசிதான்!