விற்ற பிள்ளையிடம் கேட்கும் விசுவாசம்: கால்பந்தின் 'திரும்ப வாங்கும் ஷரத்து' பற்றிச் சில குறிப்புகள்

2015 மே 13 அன்று மாட்ரிட் நகரின் பெர்னபேயூ மைதானத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நடந்தது. இத்தாலியின் யுவென்டஸ் அணிக்காக ஆடிய அல்வாரோ மொராட்டா ஒரு கோல் அடித்தார். அடித்துவிட்டுக் கொண்டாடாமல் இருந்தார். எதிரணி ரியல் மாட்ரிட். அவரைத் தன் இளைஞர் அணியில் வைத்து வளர்த்ததும், முந்தைய ஆண்டுக் கோடையில் யுவென்டஸுக்கு விற்றதும் அதே ரியல் மாட்ரிட்தான். அந்தக் கோலால் ரியல் போட்டியைவிட்டு வெளியேறியது.

என்னோடு ஆட்டத்தைப் பார்த்த தொழிற்சங்கத் தோழர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா தோழர், உப்பிட்டவங்கள மறக்கல. விசுவாசம்னா இதுதான்" என்றார். எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. யார் உப்பை யார் தின்றார்கள் என்ற கேள்வி மட்டும் தொண்டையில் நின்றது. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். பந்து விளையாட்டில் என்னத்துக்குத் தத்துவம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உழைப்பு, ஒப்பந்தம், விசுவாசம் ஆகிய மூன்றும் இவ்வளவு அப்பட்டமாக ஒரே இடத்தில் கூடிநிற்பதை வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாது.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு ஆட்டக்காரரை 'விற்கிறது' என்கிறோம். உண்மையில் கைமாறுவது ஆள் அல்ல, அவரது பதிவு. அதாவது, அவரைப் போட்டிகளில் இறக்கும் உரிமை. 2014இல் மொராட்டாவின் பதிவை ரியல் மாட்ரிட் 2 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்குக் கொடுத்தது. கூடவே, குறிப்பிட்ட காலத்துக்குள், முன்பே பேசிவைத்த விலையைக் கொடுத்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் ஒப்பந்தத்தில் இருந்தது. வாங்கிய கிளப் 'தர மாட்டேன்' என்று சொல்ல முடியாது. இதுதான் திரும்ப வாங்கும் ஷரத்து.

இதை வேறு சில ஷரத்துகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மறுவிற்பனைப் பங்கு என்று ஒன்று உண்டு. அடுத்த விற்பனையில் பழைய கிளப்புக்கு இத்தனை சதவீதம் என்பது அது. முதல் மறுப்புரிமை என்று ஒன்று உண்டு. வேறொருவர் விலை கேட்டால் பழைய கிளப்பிடம் முதலில் கேட்க வேண்டும். இரவல் என்பது பதிவைத் தற்காலிகமாகக் கொடுப்பது. திரும்ப வாங்கும் ஷரத்து இந்த மூன்றிலும் சேராது. விற்றது விற்றதுதான், ஆனாலும் விற்றவர் பிடி விடவில்லை. நமக்குத் தெரிந்த ஒத்தியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிலத்தை ஒத்திக்கு வாங்கியவர் உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். உரியவர் பணத்தைக் கட்டிவிட்டால் நிலம் திரும்பிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. நிலம் தன் சொந்தக்காரரை நினைத்து உருக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

2016 கோடையில் ரியல் அந்த உரிமையைப் பயன்படுத்தியது. விலை 3 கோடி யூரோ. இடைப்பட்ட இரண்டு பருவங்களில் மொராட்டா யுவென்டஸுக்காக இரண்டு முறை இத்தாலிய லீக் பட்டம் வென்றிருந்தார், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராகக் கோல் அடித்திருந்தார். திரும்பி வந்த வீட்டில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இடம். அப்படியிருந்தும் ஸ்பானிய லீகில் 15 கோல் அடித்தார். 2017 ஜூன் 3 அன்று கார்டிஃபில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் சந்தித்தது அதே யுவென்டஸை. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில்தான் அவரை உள்ளே இறக்கினார்கள். அடுத்த மாதமே 6 கோடி பவுண்டை ஒட்டிய தொகைக்கு செல்சீக்கு விற்றார்கள். 2 கோடிக்குப் போய், 3 கோடிக்குத் திரும்பி, ஒரே வருடத்தில் மறுபடி சந்தைக்கு. இதற்கு 'வீடு திரும்புதல்' என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது காலத்தை. 3 கோடி என்ற கணக்கு எழுதப்பட்டது 2014இல். அந்த மதிப்பை உண்டாக்கிய உழைப்பு நடந்தது அதற்குப் பிறகு. அந்த இளைஞர் இனிமேல் எவ்வளவு வளரப்போகிறாரோ, அந்த வளர்ச்சிக்கு இரண்டு கிளப்புகளும் முன்கூட்டியே விலை போட்டுவிட்டன. அவர் வளர்ந்தால் பழைய கிளப் எடுத்துக்கொள்ளும். சோடைபோனால் ஷரத்து காலாவதியாகும், அவ்வளவுதான். உழைப்பாளி தன் உழைப்புச் சக்தியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விற்கும்வரைதான் சுதந்திர மனிதன் என்றும், மொத்தமாக ஒரேயடியாக விற்றுவிட்டால் அவனே சரக்காகிவிடுவான் என்றும் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் விளக்குகிறார். கால்பந்து ஆட்டக்காரர் கோடிகளில் சம்பளம் வாங்கும் சரக்கு. 'அவ்வளவு சம்பளம் வாங்குறவனுக்கு என்னய்யா பரிதாபம்?' என்று கேட்பீர்கள். நான் பரிதாபம் கேட்கவில்லை. சம்பளம் கூடினாலும் உறவின் வடிவம் மாறுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். உச்சியில் இருப்பவருக்கே இந்த வடிவம் என்றால் அடியில் இருப்பவருக்கு என்ன என்று யோசிக்க வேண்டும்.

சட்டப்படி ஆட்டக்காரரின் கையெழுத்து இல்லாமல் பதிவு மாறாது. ஷரத்து இரண்டு கிளப்புகளுக்கு இடையிலான உடன்பாடு. பழைய கிளப்போடு அவர் புதிதாக வேலை ஒப்பந்தம் போட்டால்தான் திரும்ப முடியும். எனவே கட்டாயம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். சட்டத்தில் இல்லாத கட்டாயத்தை நிறைவேற்றித் தருவதுதான் விசுவாசம் என்ற சொல்லாடல். 'அம்மா கூப்பிடுகிறாள், வர மாட்டாயா?' என்ற குரல் அது. அல்தூசர் விளக்கிய விளிப்பு இங்கே மைதானத்தில் நடக்கிறது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கும் கணத்திலேயே ஆட்டக்காரர் 'வீட்டுப் பிள்ளை' ஆகிவிடுகிறார். கொண்டாடாமல் இருந்த அந்த முகம் அப்படித் திரும்பிப் பார்த்த முகம். அது போலி என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே உணர்ந்திருக்கலாம். கருத்தியல் நமக்குள் வேலை செய்யும்போது அது உண்மையான உணர்ச்சியாகத்தான் இருக்கும்.

சரி, கிளப்புகள் ஏன் சொந்தப் பிள்ளைகளையே விற்கின்றன? கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். வெளியிலிருந்து ஒருவரை 5 கோடிக்கு வாங்கி 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டால், ஆண்டுக்கு 1 கோடி செலவாகக் கழிக்கப்படும். இரண்டு ஆண்டு கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு 3 கோடி. 4 கோடிக்கு விற்றால் லாபம் 1 கோடி. சிறுவயதிலிருந்து வளர்த்த பிள்ளைக்குப் புத்தகத்தில் மதிப்பே கிடையாது, அவருக்கு விலை கொடுக்கவில்லையே. அவரை 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் லாபம். லாப நட்டத்துக்கு விதி வகுத்திருக்கும் இங்கிலாந்து பிரீமியர் லீகில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. செல்சீ தான் வளர்த்த மேசன் மவுண்ட்டை 2023இலும் கானர் கேலகரை 2024இலும் விற்றது. ஆக, ரசிகர்கள் யாரை 'நம்ம பையன்' என்று கொண்டாடுகிறார்களோ அவரை விற்பதுதான் கிளப்புக்கு அதிக லாபம். விற்கவும் வேண்டும், நாளை பெரிய ஆளாகிவிட்டால் கைநழுவவும் கூடாது. இந்த இரண்டு ஆசைக்கும் போட்ட முடிச்சுதான் நம் ஷரத்து.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் முறை இருந்தது. நியூகாசில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்தம் போட்ட வழக்கில் 1963இல்தான் அது நியாயமற்ற தடை என்று தீர்ப்பானது. ஐரோப்பாக் கண்டத்தில் ஜான்-மார்க் போஸ்மன். 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் வாங்கியவருக்கு 30,000 தருகிறோம் என்றார்கள். பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக முயன்றார், நடக்கவில்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றிய ஆட்டக்காரர் ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் போகப் பழைய கிளப் விலை கேட்கக் கூடாது. ஐந்து ஆண்டுப் போராட்டத்தில் அவரது ஆட்ட வாழ்க்கை கரைந்துபோயிருந்தது. பலனை அனுபவித்தவர்கள் அடுத்த தலைமுறையினர்.

போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவரின் மேல் கிளப்புக்குப் பிடி இல்லை. அதிகாரம் அதோடு ஒழிந்துபோகவில்லை, ஒப்பந்தத்தின் உள்ளே, ஷரத்துகளின் பொடி எழுத்துக்குள் குடியேறியது என்பது என் வாசிப்பு. போஸ்மன் வேலையிழந்து நின்ற அதே 1990இல்தான் தெல்யூஸ் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய தன் சிறு கட்டுரையை வெளியிட்டார். ஆளை அடைத்துவைக்கும் அதிகாரத்தின் இடத்தில், ஆளை நடமாடவிட்டு ஒரு கயிற்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் வருகிறது என்று அதைச் சுருக்கலாம். பழைய முறை ஆட்டக்காரரை வாசலில் நிறுத்தியது. புதிய ஷரத்து 'போய்ட்டு வா ராசா' என்று வழியனுப்பிவைக்கிறது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது லேசானதல்ல. டானி கர்வஹாலை ரியல் மாட்ரிட் 2012இல் 50 லட்சம் யூரோவுக்கு ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்கு விற்று, ஒரே ஆண்டில் 65 லட்சத்துக்குத் திரும்ப வாங்கியது. பெரிய அணியில் இடம் கிடைக்காத 20 வயதுப் பையன் ஒரு பருவம் முழுக்க ஆட முடிந்தது. 2024க்குள் ரியலோடு ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டம் வென்றார். ஷரத்து இல்லாவிட்டால் அவரை விற்றிருக்கவே மாட்டார்கள், உட்காரவைத்தே வீணடித்திருப்பார்கள் என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனால் பார்சிலோனாவின் ஜெரார்ட் தெலொஃபெயு கதையும் அதே ஷரத்தின் கதை. 2015இல் எவர்ட்டனுக்கு விற்கப்பட்டு, 2017இல் 1.2 கோடி யூரோவுக்குத் திரும்ப வாங்கப்பட்டார். ஆறே மாதத்தில், 2018 ஜனவரியில், வாட்ஃபர்டுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அந்தக் கோடையில் விற்றும்விட்டார்கள். ஒருவருக்கு வீடு கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் தீர்மானித்தது கிளப்தான் என்பதே என் பிரச்சினை.

2000இல் லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவைவிட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை கட்டப்பட்டது, ஒரு விதியும் மீறப்படவில்லை. 2002இல் அவர் பார்சிலோனா மைதானத்தில் ஆட வந்தபோது கூட்டம் பன்றித் தலையை வீசியது. ஆட்டக்காரர் போனால் துரோகம். கிளப் விற்றால் அது 'திட்டமிடல்'. தெலொஃபெயுவை விற்ற நிர்வாகத்தின் மேல் யாரும் எதையும் வீசவில்லை. விசுவாசம் என்பது இரு தரப்புக்கும் பொதுவான அறம் என்றால் இந்தக் கோணல் வந்திருக்காது. கீழிருந்து மேலே மட்டும் பாயும்படி கட்டிய வாய்க்கால் அது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று நிர்வாகம் பேசத் தொடங்கும் எந்த இடத்திலும் அந்த வாய்க்காலைப் பார்க்கலாம். இயக்கங்களிலும் பார்க்கலாம். நம்மைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? ஷரத்தையே ஒழி என்பது சுலபமான முழக்கம். கர்வஹாலின் அனுபவம் அதைத் தடுக்கிறது. நான் கேட்பது வேறு. திரும்ப அழைக்கும் நேரத்தில் ஆட்டக்காரரின் சம்மதம் புதிதாகக் கேட்கப்பட வேண்டும். முன்கூட்டியே வாங்கிவைத்த சம்மதம் சம்மதமாகாது. கூடிய விலையில் ஒரு பங்கு அவருக்கு உரிமையாக வர வேண்டும். ஷரத்தை ரத்துசெய்யும் அதிகாரம் ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர் கையிலும் இருக்க வேண்டும். நடக்கிற காரியமா என்றால், 1990இல் போஸ்மனையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். 2024 அக்டோபர் 4 அன்று லசானா தியாரா வழக்கில் அதே ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தத்தை முறிக்கும் ஆட்டக்காரர்மீது ஃபிஃபா சுமத்திய தண்டனை விதிகளில் சில சுதந்திர நடமாட்டத்துக்கு எதிரானவை என்று சொல்லியிருக்கிறது. கயிறு அங்கங்கே நைந்துவருகிறது.

அந்தத் தோழருக்கு இப்போது பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். மொராட்டா கொண்டாடாமல் இருந்தது அவர் மனசு. அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் அதே 2015 மே மாதத்தில் ரியல் மாட்ரிட்டின் கோப்பில் அவருக்கு ஒரு விலையும், அதைக் கட்டுவதற்கு ஒரு கெடுவும் எழுதப்பட்டிருந்தன. உப்பின் கணக்கைப் பேசுவதானால் அந்தக் கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும், தோழர்.