பொன்கடைக் கொடி நம் பின்னால் வருவதேன்?

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரை மாநகரின் கடைவீதிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். கோவலனோடு நாமும் நடந்து சென்றால் பொற்கடை வீதி வருகிறது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் அங்கே கிடைத்தன. வாங்க வருவோர் எங்கே எதைப் பெறுவது என்று மயங்காதிருக்கும் பொருட்டு வணிகர்கள் கொடி உயர்த்தியிருந்தனர் என்று காப்பியம் கூறுகிறது. பொன் வாணிகத்திற்குரிய பழைய விளம்பரம் அக்கொடியே எனலாம். அது ஓரிடத்தில் நின்றது. நாடி வந்தவரின் மயக்கத்தைப் போக்கியது.

இன்றைய நிலை வேறு. கைப்பேசியில் செய்தி படிக்கின்றோம். தொழுகை நேரம் பார்க்கின்றோம். கிரிக்கெட் ஆட்டத்தின் நிலவரம் அறிய விரும்புகின்றோம். எங்கு சென்றாலும் தங்கக் காசு, வெள்ளிக் கட்டி, மின்னணுத் தங்கம், நகைச் சேமிப்புத் திட்டம் என விளம்பரங்கள் எதிர்ப்படுகின்றன. உலகமே பொன் வாங்கப் புறப்பட்டுவிட்டதோ என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணம் சரியா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலையும் வழியும்

பொன் வணிகர் இவ்வளவு விளம்பரம் செய்வதற்குப் பொன்னின் விலையேற்றம் ஒரு காரணம். 2025 ஏப்ரலில் 10 கிராம் சொக்கத் தங்கத்தின் விலை இந்தியாவில் முதன்முறையாக ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. விலை ஏற ஏற, வாங்காமல் விட்டுவிட்டோமே என்ற ஏக்கமும் மக்களிடையே ஏறுகிறது. அவ்வேக்கம் விளம்பரக்காரருக்கு விளைநிலம்.

சட்டம் தளர்ந்தது மற்றொரு காரணம். 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொதுமக்கள் தங்கக் கட்டி வைத்திருப்பதைத் தடுத்தது. 1990-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2017 முதல் பணம் செலுத்தும் செயலிகளிலேயே ஒரு ரூபாய்க்கும் தங்கம் வாங்கும் வழி பிறந்தது. கடைக்குச் செல்லும் தொலைவு விரல் நகரும் தொலைவாகச் சுருங்கிவிட்டது.

கண்ணிமைப்பில் ஓர் ஏலம்

இணையப் பக்கம் ஒன்றை நாம் திறக்கும்போது, அதில் விளம்பரத்திற்கென விடப்பட்டுள்ள இடம் அக்கணமே ஏலத்திற்கு வருகிறது. ஏலம் கேட்பவர் மனிதர் அல்லர். விளம்பரதாரர் சார்பில் இயங்கும் கணிப்பொறிகள். பக்கம் கண்ணுக்குப் புலப்படுமுன் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் நம்முன் நிற்கிறது.

இவ்வேலத்தில் பொன் வணிகர் அடிக்கடி வெல்வதேன்? எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்போம். விளம்பரத்தை ஒருவர் தொட்டால் 20 ரூபாய் செலவு எனக் கொள்வோம். 200 பேர் தொட்டால் 4,000 ரூபாய். அவர்களுள் ஒரே ஒருவர் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பொன் வாங்கினாலும், அச்செலவு விற்பனைத் தொகையில் நூற்றுக்கு இரண்டே. அதே 200 பேருள் ஒருவர் 200 ரூபாய்க்கு ஒரு நூல் வாங்கினால் நூல் விற்பவர் நிலை என்னாகும்? அவர் ஏலத்தைவிட்டு விலகுகிறார். பொன் வணிகர் நிற்கிறார். நம் திரையில் பொன் மிகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்த 4,000 ரூபாய் யார் தலையில் விழும் என்பதையும் எண்ண வேண்டும். செய்கூலி, சேதாரம், விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் அது வாங்குவோரிடமே வந்து சேர்கிறது.

தேடலின் சுவடு

ஏலம் கேட்கும் கணிப்பொறிக்கு நாம் யார் என்பது எவ்வாறு தெரியும்? 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ‘குக்கீ’ எனப்படும் சிறு குறிப்பு உருவாக்கப்பட்டது. ஒருமுறை வந்தவர் மறுமுறை வரும்போது அடையாளம் காண்பதே அதன் தொடக்க நோக்கம். பின்னர் விளம்பரத் துறை அதனை எடுத்துக்கொண்டது. ஒரு கடையின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் சென்றவரை வேறு பக்கங்களிலும் தொடர்ந்து சென்று அழைக்கும் முறையை 2010-இல் கூகுள் விளம்பரதாரர்களுக்குத் திறந்துவிட்டது. கைப்பேசிகளில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய விளம்பர அடையாள எண் இதே பணியைச் செய்கிறது.

நம் சமுதாயத்தார்க்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. ரமலான் மாதம் வந்ததும் ஸகாத் கணக்கிடுவதற்காகப் பலரும் அன்றைய தங்க விலையையும் வெள்ளி விலையையும் தேடுகின்றனர். நிஸாப் அளவு பொன்னில் ஏறத்தாழ 87 கிராம். வெள்ளியில் ஏறத்தாழ 612 கிராம். அந்நாளின் மதிப்பை அறியாமல் கணக்கு முடியாது. ஆனால் கணிப்பொறிக்கு நிய்யத் தெரியாது. கொடுப்பதற்காக விலை பார்த்தவரையும் அது வாங்குவதற்காக விலை பார்த்தவராகவே எழுதி வைக்கிறது. மகளின் திருமணத்திற்காக விலை பார்க்கும் தாயும் நகையை அடகு வைக்க விலை பார்க்கும் தொழிலாளியும் அதே பட்டியலில் சேர்கின்றனர். பிறகு பல வாரங்கள் விளம்பரம் அவர்களைத் தொடர்கிறது.

மனத்தின் பங்கு

எல்லாக் குற்றமும் எந்திரத்தினுடையது அன்று. புதிதாக ஒன்றைக் கவனித்துவிட்டால் அது எங்கும் இருப்பதாகத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு. 2005-இல் மொழியியலறிஞர் ஆர்னால்டு சுவிக்கி இதனை அடிக்கடித் தோன்றும் மயக்கம் என்னும் பொருள்பட விளக்கினார். இதனினும் கவனிக்க வேண்டியது, 1977-இல் அமெரிக்க உளவியலார் கண்ட முடிவு. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது மெய்யாயினும் பொய்யாயினும், கேட்போர் அதனை மெய்யென்று நம்பும் போக்கு மிகுகிறது.

பத்துப் பேர் தனித்தனியே ஒரு கடையைப் புகழ்ந்தால் அது பத்துச் சாட்சியம். ஒரே கடை பத்து முறை நம்முன் வந்து தன்னைப் புகழ்ந்துகொண்டால் அது ஒரு சாட்சியம்கூட அன்று. திரையில் இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதே இடர்ப்பாடு.

பெயரில் மட்டும் பொன்

இவ்விடர்ப்பாடு பலரின் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோயிருக்கிறது. அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் கூட்டாட்சி ஒழுங்குமுறை ஆணையமும் 30 மாநிலங்களும் இணைந்து மெட்டல்ஸ்.காம் என்னும் பெயரில் இயங்கியவர்கள்மீது வழக்குத் தொடுத்தன. பொன், வெள்ளிக் காசுகளை மிகையான விலைக்கு விற்று, பெரும்பாலும் முதியோரிடமிருந்து 18 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டினர் என்பது குற்றச்சாட்டு.

நமக்கு அண்மையிலும் சான்றுகள் உள. வட்டியில்லா வருவாய், பொன் வணிகம் என்று கூறி மக்களிடம் முதலீடு பெற்ற ஐதராபாத்தின் ஹீரா கோல்டு 2018-இல் வழக்கிற்கு உள்ளானது. பெங்களூரில் ஹலால் முதலீடு என்று கூறிப் பொருள் திரட்டிய ஐ.எம்.ஏ. 2019 ஜூனில் வீழ்ந்தபோது 40,000-க்கும் மேற்பட்டோர் முறையீடு செய்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2022-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாக வழக்குப் பதிவாயிற்று. இவை இணையத்தில் மட்டும் வளர்ந்தவை அல்ல. கூட்டங்களும் முகவர்களும் உறவினர் பேச்சும் சேர்ந்தே வளர்த்தன. எனினும் பொன் என்னும் பெயரும் ஓயாத விளம்பரமும் அவற்றுக்குத் துணை நின்றன.

பேரணாம்பட்டிலிருந்து மலையேறி வி.கோட்டா வழியாகச் சென்றால் கோலார் தங்கவயல். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தார் பலர் அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பொன்னின் அருமை அறிந்த அவர்களிடம் கேட்டிருந்தால் ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்: பொன்னின் விலை ஏறலாம், இறங்கலாம், பெட்டியில் இருக்கும் பொன் மாதந்தோறும் குட்டி போடாது. பொன் மீது மாத வருவாய் உறுதி என்று எவரேனும் கூறினால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

தோல் மண்டி தரும் பாடம்

நம் ஊரின் தோல் வணிகர் எவரும் கட்டின் மேல்தோலைப் பார்த்து விலை பேசுவதில்லை. அடியிலிருக்கும் தோலை உருவி எடுத்து, புரட்டிச் சதைப்பக்கத்தைப் பார்த்து, கையால் தடவி, வெட்டும் ஓட்டையும் உண்டா என்று ஆராய்ந்த பின்னரே தரம் பிரிப்பர். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மறைத்த வணிகரைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையும் இதுவேயன்றோ! இணையத்தில் பொன் வாங்குவோர்க்கும் அப்புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

நகையாயின் ஹால்மார்க் முத்திரையையும் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஆறு இலக்க அடையாளக் குறியையும் பார்க்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அக்குறியைச் சரிபார்க்கலாம். மின்னணுத் தங்கமாயின், அது தன் ஒழுங்குமுறைக்கு உட்பட்டதன்று என்று 2025 நவம்பர் 8 அன்று செபி பொதுமக்களை எச்சரித்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். வாங்கும்போது செலுத்தும் 3 விழுக்காட்டு வரி, விற்கும்போது திரும்பி வராது. வாங்கும் நாளிலேயே விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பது நல்ல சோதனை.

மார்க்க அடிப்படையிலும் ஒரு வரம்பு உண்டு. பொன் வணிகம் கைக்குக் கை நிகழ வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களின் பொதுவிதி. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரவிதி வகுக்கும் பஹ்ரைனின் ஆயோஃபி அமைப்பு 2016-இல் பொன்னுக்கென்றே தனி விதியை வெளியிட்டது. பொன் கைக்கு வர வேண்டும். இன்றேல் இன்னாருக்குரியது இந்தப் பொன் என்று பிரித்துக் காட்டத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். விளம்பரத்தில் ஹலால் என்ற சொல் இருப்பது இதற்கு ஈடாகாது. ஐயமுற்றால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

முடிவுரை

பொன் வணிகர் எல்லாரும் ஏமாற்றுவோர் என்பது ஈண்டுக் கருத்தன்று. நேர்மையான கடையும் இதே விளம்பர ஏலத்தில்தான் நிற்கிறது. ஆனால் விளம்பரம் எங்கும் தோன்றுவதற்குக் காரணம் நாம் விட்டுச் சென்ற சுவடும் வணிகர் செலவிடும் பணமுமேயன்றி, விற்கும் பொருளின் தரம் அன்று. மதுரையின் கொடி மயக்கத்தைப் போக்கியது. இன்றைய கொடி மயக்கத்தையே நாடி வருகிறது.

கைப்பேசி அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்குவதும் குக்கீக்களை அழிப்பதும் மாணவர்க்குச் சில நிமிட வேலை. வீட்டிலுள்ள பெரியவர்க்கு அது தெரியாத கலை. வரும் ரமலானில் தந்தையார் ஸகாத் கணக்கிட அமரும்போது அருகில் அமர்ந்து அதனைச் செய்து கொடுங்கள். பிறகு விளம்பரம் வந்தாலும் அது ஏன் வந்தது என்பதை அவருக்கு எடுத்துரையுங்கள். காரணம் அறிந்தவரை மயக்குதல் அரிது.