சீட்டு வாங்கியாச்சு, தேதி வரும் வரை மனசை என்ன செய்வது?



நமது குழு ஒன்றில் ஒரு தங்கச்சி தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி கூட்டத்துக்குப் பத்து ரூபாய் வீதம் முப்பது ரூபாய் அபராதம் எழுதினோம். ஏன் வரவில்லை என்று யாரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. நான்காவது வாரம் ஊக்குநர் அக்கா போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

அந்தத் தங்கச்சி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மூணு வயசுப் பையன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மா, அப்பா என்ற சொல் இல்லை. காலி நூல் கோனை மணிக்கணக்காக உருட்டிக் கொண்டிருப்பான். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு, “ஆட்டிசம் இருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதிக்க வேண்டும்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. பரிசோதனைத் தேதியோ இரண்டு மாதம் கழித்து.

“இருக்குதுன்னு சொன்னாக்கூட அழுதுட்டு எந்திரிச்சிருவனுங்க்கா. இருக்குதா இல்லையான்னு தெரியாம இருக்கறதுதான் தாங்க முடியல” என்றார். அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டிசம் என்றால் என்ன?

இது தொற்று நோயல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. இதனால் பழகுவது, பேசுவது, கண் பார்த்துச் சிரிப்பது, சத்தத்தையும் தொடுதலையும் தாங்குவது போன்றவை குழந்தைக்குக் குழந்தை வேறு மாதிரி இருக்கும். அரசு தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்று போட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று.

சீட்டு எழுதிக் கொடுத்ததாலேயே ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. காது சரியாகக் கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தைகளும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் பரிசோதனை.

அங்கே என்ன செய்வார்கள்?

தெரியாத விஷயம்தான் அதிகம் பயமுறுத்தும். அதனால் தெரிந்து கொள்வோம். ஊசியோ, ஸ்கேனோ வைத்து ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார். குழந்தையை விளையாட விட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் காது பரிசோதனையும் இருக்கும். ‘இசா’ என்ற இந்திய அளவுகோலில் 40 விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பதும் உண்டு. ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை வரச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நிலைமை மோசம் என்று அர்த்தமில்லை.

“என்னாலதான் இப்படி ஆச்சா?”

காத்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் ராத்திரி படுத்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. “மாசமா இருக்கறப்ப நைட் ஷிப்டு போனேன்.” “பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே கம்பெனிக்குப் போயிட்டேன்.” போதாததற்கு மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீடு ஒன்று சொல்லும்.

சகோதரிகளே, ஒரு காலத்தில் மேலைநாட்டு டாக்டர்களே “பெற்றவள் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம்” என்று சொல்லி எத்தனையோ தாய்மாரை அழ வைத்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியல் அறிஞர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, 1964இல் புத்தகம் எழுதி அது தவறு என்று எடுத்துக் காட்டினார். வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை என்பது இன்று உறுதியாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளியான கட்டுரையையும் தவறு என்று கண்டு, அந்தப் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே பழியை உங்கள் தலையிலும் போடாதீர்கள், மருமகள் தலையிலும் போடாதீர்கள்.

காத்திருக்கும் நாளில் செய்ய வேண்டியவை

1. ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். குழந்தை இன்று என்ன செய்தது, எதற்குச் சிரித்தது, எதற்கு அழுதது, எப்படித் தூங்கியது என்று நாலு வரி. எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மண்டைக்குள் சுற்றுவது தாளுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும். டாக்டரிடம் காட்டவும் உதவும். தடுப்பூசி அட்டையையும், குழந்தை விளையாடும் செல்போன் வீடியோ ஒன்றிரண்டையும் சேர்த்து வையுங்கள்.

2. தினம் கால் மணி நேரம் குழந்தையோடு தரையில் உட்காருங்கள். அவன் கோனை உருட்டினால் நீங்களும் உருட்டுங்கள். “உருளுது, உருளுது” என்று சொல்லுங்கள். இதற்கு எந்த முடிவும் வரத் தேவையில்லை. ஆட்டிசம் இருந்தாலும் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைவிட இது மனசுக்கும் தெம்பு.

3. ராத்திரி செல்போனில் வீடியோ தேடிக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்று பயமுறுத்தும், இன்னொன்று “நூறு நாளில் குணம்” என்று பணம் கேட்கும். ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து கிடையாது. பயிற்சியால் குழந்தை நிறையக் கற்றுக்கொள்ளும். அந்த மாதிரி மருந்துக்காகக் கந்துவட்டி வாங்கிவிடாதீர்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிசோதனைத் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.

4. கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். “டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கறமுங்க, தெரிஞ்சதும் சொல்றனுங்க.” அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமையில்லை.

5. வீட்டுக்காரர் பேசாமல் இருந்தால் அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்களுக்கும் பயம் உண்டு, காட்டத் தெரியாது. “டாக்டர்கிட்ட நீங்களும் வரோணும்” என்று இப்போதே சொல்லி, அன்றைக்கு லீவு போடச் சொல்லுங்கள்.

6. அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாதீர்கள். பல நாள் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம்.

எங்கே கேட்பது?

தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். தேதி தள்ளிப் போனால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ சொல்லி, முன்னதாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் என்று உறுதியானால் சான்று, அடையாள அட்டை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு.

குழு என்ன செய்யலாம்?

அந்தத் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து பேசிய பிறகு எங்களுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். முப்பது ரூபாய் அபராதத்தை அவர் கணக்கில் திரும்ப வரவு வைத்தோம். பரிசோதனைக்குப் போகும் நாட்களுக்கு பஸ் செலவுக்கும் கூலி இழப்புக்கும் உள்கடன் கொடுக்க முடிவு செய்தோம். கூட்ட நேரத்தில் பையனை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அவன் சத்தம் போட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இரண்டு பேர் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் போன கூட்டத்துக்கு அவர் நோட்டோடு வந்தார். “நேத்து என்னைப் பார்த்து கோனை உருட்டி விட்டானுங்க்கா” என்று படித்துக் காட்டினார்.

உங்கள் குழுவில் யாராவது மூன்று கூட்டம் வராமல் இருக்கிறார்களா? அபராதம் எழுதும் முன்பு ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள்.