ஆடு வாங்கும் முன் மழைக்காலத்துக்கு ஒதுக்குங்கள்

நகரத்து வேலையை விட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள் பலர் முதலில் யோசிப்பது ஆட்டுப் பண்ணை பற்றித்தான். கையில் 5 லட்சம் ரூபாய் இருந்தால் பெரும்பகுதி பரண் கொட்டகைக்கும், மீதி ஆடுகளுக்கும் போய்விடுகிறது. பணம் தீர்ந்த பிறகுதான் பண்ணையே தொடங்குகிறது. கெட்ட காலம் வருவதும் அதற்குப் பிறகுதான்.

வரவு எப்போது வரும் என்று கணக்குப் பாருங்கள். தை மாதம் வாங்கிய பெட்டை ஆடு, புது இடம் பழகி மாசி, பங்குனியில் கிடாவுடன் சேர்ந்தால், 5 மாத சினைக்காலம் முடிந்து ஆடி, ஆவணியில் குட்டி போடும். அந்தக் குட்டி விற்பனைக்கு வளர இன்னும் 6 முதல் 8 மாதம். ஆக, ஒரு வருடத்துக்கு மேல் வரவே கிடையாது. தீவனம், மருந்து, வீட்டுச் செலவு எல்லாம் கைப்பணம்தான்.

இதில் இன்னொரு சிக்கல். குட்டிகள் 2, 3 மாத வயதில் இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. ஈரத் தரை, குளிர்காற்று, சளி, கழிச்சல். மழைக்குப் பின் தளதளவென முளைக்கும் இளம்புல்லை மேய்ந்த ஆடுகளுக்குத் துள்ளுமாரி வரலாம். மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். வீடியோக்களில் இந்த ஐப்பசி மாதத்தை யாரும் காட்டுவதில்லை.

எனவே கொட்டகையைச் சுருக்குங்கள். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி என்று வைத்தாலும், 10 பெட்டைக்கும் ஒரு கிடாவுக்கும் 110 சதுர அடி போதும். குட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம், உலாவத் திறந்தவெளி, தண்ணீர் தேங்காத மேடு, ஒழுகாத கூரை. முதல் வருடத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பதே என் கருத்து. மிச்சமாகும் பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஒரு வருட வீட்டுச் செலவும், செத்த ஆடுகளுக்குப் பதிலாக நான்கைந்து ஆடு வாங்கும் தொகையும் அதில் இருக்கட்டும்.

தீவனத்தை ஆடு வருவதற்கு 3 மாதம் முன்பே விதைக்க வேண்டும். கொட்டிலில் வளரும் ஆட்டுக்கு தினமும் 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் தேவை. கோ.எப்.எஸ். 29 சோளம், வேலிமசால், வரப்பில் அகத்தி என்று கலந்து வைத்தால் ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும். அடைமழையில் தீவனம் அறுக்கவும் முடியாது, ஆட்டை வெளியே விடவும் முடியாது. அந்த நாட்களுக்கு நிலக்கடலைக் கொடி வேண்டும். அறுவடை நேரத்தில் மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கிக் காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும்.

சந்தையில் வாங்கிய ஆடுகளை நேராகப் பட்டியில் விடாதீர்கள். 2, 3 வாரம் தனியே கட்டிக் கவனியுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு ஆட்டோடு வந்தாலும் பட்டி முழுக்கப் பரவிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு, துள்ளுமாரிக்கும் உண்டு. இரண்டும் குடற்புழு நீக்கமும் எப்போது என்பதை, மழை தொடங்கும் முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது.

ஆட்டுக்குக் காப்பீடு செய்வோர் குறைவு. தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் பிரீமியத்தில் பயனாளியின் பங்கு 15 சதவீதம் என்று 2024இல் மத்திய அரசு குறைத்தது. காப்பீடு செய்த ஆட்டின் காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு போட வேண்டும். ஆடு இறந்தால் புதைக்கும் அவசரம் வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே குழி தோண்டுங்கள். காதுவில்லையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.